மூடாத முறைப்பாடு

கிரெய்கிபர்ன்,
18 நவம்பர் 2012

மலருக்கு,

நீ வீட்டுக்குள்ளேதான் இருந்தாய். திரைச்சீலை அசைந்ததை நான் பார்த்தேன். மெல்பேணிலிருந்து சிட்னிக்குக் கார் ஓட்டி வந்து, பிளாக்டவுனில் உன் வீட்டைத் தேடிப் பிடித்து, கதவைத் தட்டிக் கை நொந்து திரும்பியவன் நான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வெளியே வந்து, பொலிஸுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டார். இது என் தங்கச்சி வீடு என்றேன். அவர் உன் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நம்பின மாதிரித் தெரியவில்லை.

நீ இந்த நாட்டுக்கு வந்ததே அரியரத்தினம் அங்கிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிட்னிக்கு வந்த இடத்தில் பிளாக்டவுன் கடையில் உன்னைக் கண்டாராம். படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே வந்து, வீடும் எடுத்தாயிற்று. ஒரு அண்ணன் இங்கே இருக்கிறான் என்ற நினைப்பு ஒரு நாளும் வரவில்லையா? சண்டை முடிந்த பிறகு உன்னைத் தேடி நான் எழுதாத இடமில்லை. உன் புருஷன் மகேந்திரராஜா செத்ததைக்கூட மூன்றாம் ஆள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஓம், உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசினேன். அது எப்போதோ நடந்த கதை. அதற்காகவா இன்னும் கதவைத் திறக்காமல் இருக்கிறாய்?

போனையும் எடுக்கிறாயில்லை. "நான் எழுதிக் கேட்டனான், எழுத்திலதான் எனக்குப் பதில் வேணும்" என்று அங்கிளிடம் சொன்னாயாம். என்ன எழுதினாய்? எப்போது எழுதினாய்? எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. சரி, எழுத்து வேண்டுமென்றால் இந்தா எழுத்து. வாசலில் வைத்துவிட்டு வந்த பையில் உன் பிள்ளை நிவேதிகாவுக்கு ஒரு ஜாக்கெட் இருக்கிறது. அளவு தெரியாமல் வாங்கினேன்.

அண்ணா


பிளாக்டவுன்,
27 நவம்பர் 2012

கிருபானந்தன் அவர்களுக்கு,

உங்கள் பையைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜாக்கெட் சின்னது. அது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாங்கின அளவு. அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோதுதான் நான் உங்களுக்கு எழுதினேன்.

என்ன எழுதினாய் என்று கேட்கிறீர்கள். 2009 ஆவணியில், செட்டிகுளம் முகாமிலிருந்து மூன்று முறை எழுதினேன். முதல் கடிதத்தில் அவர் போய்விட்டதைச் சொன்னேன். பிள்ளையின் இடது கண்ணில் ஷெல் துண்டு பட்டதைச் சொன்னேன். முகாமுக்கு வந்த டொக்டர், "கொழும்புக்குக் கொண்டுபோய் ஒபரேஷன் செய்தா கண் தப்பும். ஆனா வெளியில இருந்து ஆராவது பொறுப்பெடுத்து எழுதவேணும், அப்பதான் விடுவினம்" என்று சொன்னதை எழுதினேன். இரண்டாவதில் அதையே கெஞ்சி எழுதினேன். மூன்றாவதில் கெஞ்சவில்லை. உங்களைத் திட்டினேன்.

பதில் வரவில்லை. மழை தொடங்கியபோது கண் போய்விட்டது. மகேந்திரராஜாவின் பிள்ளைதானே, போகட்டும் என்று இருந்துவிட்டீர்கள் என நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விலாசம் பிழை என்று சொல்லவேண்டாம். உங்கள் போன் நம்பர் மற்றச் சாமான்களோடு சேர்ந்து போய்விட்டது. விலாசம் மட்டும் மனப்பாடம். நான் செத்தால் இதைச் சொல்லு என்று பிள்ளைக்கும் பாடமாக்கி வைத்திருந்தேன். போன கிழமை நீங்கள் அனுப்பிய கவரின் பின்பக்கத்திலும் அதே விலாசம்தான் இருக்கிறது. தபாலில் தொலைந்துவிட்டது என்றும் சொல்லவேண்டாம். அங்கே சாதாரணத் தபாலை உடைத்துப் பார்ப்பார்கள் என்று பயந்து, நீலக்குடைக்காரரின் சிவப்புப் பெட்டியில் போட்டேன். வாகனத்தில் நீலக்குடை வரைந்திருக்கும் ஆஸ்திரேலிய நிவாரண நிறுவனம். உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

செல்வமலர்


கிரெய்கிபர்ன்,
4 டிசம்பர் 2012

மலர்,

உன் கடிதத்தை வேலைத்தளத்துக் கார் தரிப்பிடத்தில் வைத்து வாசித்தேன். அதற்குப் பிறகு உள்ளே போக முடியவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் இருக்க முடியவில்லை.

ஒரு கடிதமும் எனக்கு வரவில்லை. அம்மா மேல் சத்தியம் என்று எழுதலாம். சின்ன வயதில் நான் அம்மா மேல் செய்த பொய்ச் சத்தியங்களெல்லாம் உனக்குத் தெரியும் என்பதால் அதை விடுகிறேன். வரவில்லை மலர். வந்திருந்தால் அன்றைக்கே பிளேன் ஏறியிருப்பேன். கோபம் மகேந்திரராஜாவோடு. பிள்ளையோடு எனக்கு என்ன கோபம்? அவள் என் மருமகள்.

நீலக்குடையை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய தலைமை அலுவலகம் இங்கே மெல்பேணில்தான் இருக்கிறது. அவர்களுடைய தமிழ்ச் சமூக ஆலோசனைக் குழுவில் நானும் இருக்கிறேன். நீ சொல்கிற பெட்டியையும் தெரியும். 2009இல் முகாம் சனத்துக்கென்று இங்குள்ள சனம் அள்ளிக் கொடுத்தபோது, மண்டபத்தில் பெரிய அமளி. குடுக்கிறது அங்கே போய்ச் சேருதோ என்று ஆர் பார்க்கிறது எனக் கத்தினார்கள். நான் எழும்பிச் சொன்னேன்: "கத்தி என்ன பிரயோசனம்? முகாமில ஒரு பெட்டி வையுங்கோ. குறை இருந்தா சனமே எழுதிப் போடட்டும். பூட்டின்ர திறப்பு மட்டும் முகாமை நடத்திறவையிட்ட இருக்கக்கூடாது." எல்லோரும் கை தட்டினார்கள். பெட்டிக்கான விதிகளை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. மாரித் தண்ணீர்க் குழாய்களுக்கு விதி எழுதுகிற எஞ்சினியர் நான், அதையும் ஒழுக்கு இல்லாமல் எழுதினேன்.

ஆனால் மலர், அது முறைப்பாட்டுப் பெட்டி. தமிழில் பெரிதாக எழுதியிருந்தது. படிப்பிக்கிற ரீச்சர் நீ, அதற்குள் ஏன் கடிதத்தைப் போட்டாய்?

எப்படியும் விசாரிக்கிறேன்.

அண்ணா


பிளாக்டவுன்,
12 டிசம்பர் 2012

கிருபானந்தன் அவர்களுக்கு,

ஏன் போட்டாய் என்று கேட்ட வரியை நிவேதிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமா உங்களையே பிளேம் பண்றார்?" என்று கேட்டாள். ஏன் போட்டேன் என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முகாம் வாசலில் இராணுவச் சோதனை. வருகிறவர்களையும் போகிறவர்களையும் சட்டைக் காலர் வரைக்கும் தடவிப் பார்ப்பார்கள். அவர்கள் வாசிக்காமல் ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகாது. வெள்ளிக்கிழமைகளில் நீலக்குடையின் வாகனம் வரும். ஒரு வெள்ளைக்காரப் பெட்டை இறங்கி, சிவப்புப் பெட்டியைப் பூட்டோடு கழற்றி எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டி ஒன்றைக் கொழுவிவிட்டுப் போவாள். வாசலில் அந்தப் பெட்டியை மட்டும் அவர்கள் திறந்து பார்க்கவில்லை. அவர்களிடம் திறப்பு இல்லை. நீங்கள் எழும்பி நின்று சொன்ன அந்தத் திறப்புத்தான். அந்த முகாமிலிருந்து சோதிக்காமல் வெளியே போனது அந்தப் பெட்டி மட்டும்.

முறைப்பாடு என்று எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாமல் நாங்கள் போடவில்லை. என்னத்தை முறைப்பாடு செய்ய? பருப்புக்குள் கல் கிடக்கிறது என்றா? தண்ணீர் பவுசர் வண்டி பிந்துகிறது என்றா? பிள்ளையின் கண்ணிலிருந்து சீழ் வடிகிறபோது பருப்பைப் பற்றி எழுதக் கை வருமா? விலாசத்தை வடிவாக எழுதிப் போட்டால், திறக்கிற மனிசர் ஒரு முத்திரை ஒட்டித் தபாலில் சேர்க்கமாட்டாரா என்று நினைத்தோம். மனிசர் என்றால் அதைச் செய்வார்கள் என்று நினைத்தோம்.

நான் மட்டும் போடவில்லை. எங்கள் வரிசைக் கூடாரங்கள் எல்லாம் போட்டன. பக்கத்துக் கூடாரத்துப் பிரியந்தினி கனடாவில் இருக்கிற புருஷனுக்கு எழுதினாள். எழுதத் தெரியாத ஆட்களுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். "ரீச்சர், நான் உயிரோட இருக்கிறன் எண்டு மட்டும் என்ர மகனுக்கு எழுதுங்கோ, வேற ஒண்டும் வேண்டாம்" என்று ஒரு ஐயா வந்து நிற்பார். எழுதினதையே திரும்பத் திரும்ப எழுதச் சொல்வார்.

ஒருவருக்கும் பதில் வரவில்லை. உலகம் முழுவதும் இருக்கிற புருஷன்மாரும் மகன்மாரும் அண்ணன்மாரும் ஒரே நேரத்தில் கல்நெஞ்சக்காரர் ஆகியிருக்க முடியாது என்று எனக்கு அப்போதே பட்டிருக்கவேண்டும். படவில்லை. என் கோபம் எனக்குப் பெரிதாக இருந்தது.

விசாரிக்கிறேன் என்றீர்கள். விசாரியுங்கள்.

செல்வமலர்


கிரெய்கிபர்ன்,
20 ஜனவரி 2013

மலர்,

நத்தார், புதுவருஷம், கோடை விடுமுறை என்று இங்கே ஒரு மாதமாக எல்லாக் கதவும் பூட்டு. நான் வீட்டுக்குள் கூட்டில் அடைத்த கோழி மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தேன். போன கிழமைதான் முறைப்பாட்டுப் பிரிவு மேலாளர் கிடைத்தார். நல்ல மரியாதையான பொடியன். கதிரை இழுத்துப் போட்டு, தண்ணீரும் தந்தான்.

பெட்டிக்குள் சனம் போட்ட சொந்தக் கடிதங்கள் எங்கே என்று கேட்டேன். கணினியைப் பார்த்துவிட்டு, அவை சேவைக்குத் தொடர்பற்றவை என்று வகைப்படுத்தப்பட்டன என்றான். வாசித்தது யார் என்று கேட்டேன். கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தாராம். முறைப்பாடு என்றால் மட்டும் மொழிபெயர்த்து மேலே அனுப்புவது அவருடைய வேலை. மற்றவற்றை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "ஒன்றையும் எறியவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றான், பெருமையாக. கொழும்பு அலுவலகத்தை மூடியபோது மட்டைப்பெட்டிகளில் கட்டிக் கப்பலில் அனுப்பிவிட்டார்களாம். டண்டெனோங்கில் ஒரு களஞ்சியத்தில் கிடக்கின்றன.

டண்டெனோங் என் வீட்டிலிருந்து காரில் போகிற தூரம். போன வருஷம் முழுவதும் அந்தப் பக்கம் எனக்கு வேலை இருந்தது. மலர், உன் கடிதங்கள் மெல்பேணுக்கு வந்திருக்கின்றன. என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

"என்ர பெயரும் விலாசமும் எழுதின கடிதம், எடுத்துத் தாங்கோ" என்றேன். தர முடியாதாம். பெட்டியில் போட்டவரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்க வேண்டுமாம். யாரிடமிருந்து? கடிதம் போய்ச் சேரவேண்டிய ஆளிடமிருந்து! அந்த இடத்தில் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். தண்ணீர்க் கிளாஸும் விழுந்துவிட்டது.

நீலக்குடை வெளியிட்ட ஆண்டறிக்கையில் அந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரு வரி வரும்: சேவை குறித்த முறைப்பாடுகள் மிகச் சிலவே கிடைத்தன. அதை நான் மேடையில் வாசித்திருக்கிறேன். எங்கள் சனம் சந்தோஷப்பட்டது. அந்தப் புத்தகம் என் குசினி அலுமாரிக்கு மேலே கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டேன். பிறகு சாட்சிக்கு வேண்டும் என்று திரும்ப எடுத்து, துடைத்து வைத்திருக்கிறேன்.

எழுதியவர் தன் பெயரில் முறைப்பாடு கொடுத்தால்தான் அவர்கள் பெட்டியைத் திறப்பார்கள். ஒரு பக்கம் போதும். எழுது. பயப்பட ஒன்றுமில்லை.

அண்ணா


பிளாக்டவுன்,
3 பெப்ரவரி 2013

அண்ணாவுக்கு,

நான் எழுதமாட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள். நான் படுக்கிற கட்டில் நீலக்குடை தந்தது. அதன் காலில் இன்னும் அந்தக் குடை ஒட்டியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவர்கள்தான். செவ்வாய்க்கிழமைகளில் பிரவீணா என்று ஒரு பிள்ளை எங்களைப் பார்க்க வருவாள். தமிழ்நாட்டுக்காரி, தங்கமான பிள்ளை. அவளும் நீலக்குடையின் ஆள். எங்களிடம் இருப்பது தற்காலிக விசா. தபாற்காரர் வாசலில் நின்றாலே என் நெஞ்சு அடிக்கிறது. நீங்கள் சிட்டிசன், கத்தலாம், கிளாஸை உடைக்கலாம். நான் கத்தினால் அது எந்தக் கோப்பில் போய் விழும் என்று யாருக்குத் தெரியும்? அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்வீர்கள். நடக்காது என்று சொன்ன எத்தனையோ நடந்ததை நான் நின்று பார்த்தவள்.

ஆனாலும் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. சோறு அடிப்பிடிக்கிறது. கடைக்குப் போய் என்ன வாங்க வந்தேன் என்று மறந்து நிற்கிறேன். நூலகத்துக் கணினியில் டண்டெனோங் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பார்த்து என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அந்த ஐயா முகாமிலேயே செத்துப்போனார். சண்டை முடியும்போது அப்பா உயிரோடு இருந்தார் என்பது எங்கேயோ இருக்கிற அவருடைய மகனுக்குத் தெரியாது. என் கையெழுத்தில் அது அந்தக் களஞ்சியத்தில் கிடக்கிறது. எனக்கு என்னுடைய கடிதங்களைவிட அதுதான் அந்தரமாக இருக்கிறது.

உங்களுக்கு வரவில்லை என்பதை நம்புகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை மூட மனம் வரவில்லை.

நிவேதிகா, ஜாக்கெட்டைப் பெரிய அளவில் மாற்றலாமா என்று கேட்கிறாள். நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள்.

மலர்


கிரெய்கிபர்ன்,
11 மார்ச் 2013

மலர்,

ஜாக்கெட் தனியே வருகிறது. இந்த முறை கடைக்காரியிடம் பன்னிரண்டு வயது என்று சொல்லி வாங்கினேன்.

கோபிக்காதே, ஒரு வேலை செய்துவிட்டேன். சனிக்கிழமை நீலக்குடையின் வருடாந்த விருந்து. எங்கள் சனமும் நிறைய வந்திருந்தது. பேச்சுகள் முடிந்து கேள்வி உண்டா என்று கேட்டார்கள். நான் எழும்பி, டண்டெனோங்கில் இருக்கிற கடிதங்களை எப்போது விலாசக்காரருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே ஒலிவாங்கியில் சொன்னார்: "கிருபா, எல்லாம் நீங்கள் வகுத்துத் தந்த விதிப்படிதான் நடந்தது." சபை சிரித்தது. இருபது வருஷமாகக் கூட்டங்களில் கத்தின ஆள் நான், அன்றைக்கு எழும்பினபடியே நின்றேன்.

அரியரத்தினம் அங்கிள் கையைப் பிடித்து இழுத்தார். "இரும் தம்பி. இவையும் கைவிட்டா எங்கட சனத்துக்கு வேற ஆர் இருக்கினம்?" அவர் சொன்னதிலும் பிழை இல்லை. இப்போதும் அங்கே கிணறு இறைக்கிறார்கள், வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். அதுதான் என்னை விசராக்குகிறது. கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். உள்ளே இருக்கிற ஒருவர் சொன்ன செய்திதான் பெரிது. வெளியாட்கள் வந்து நீலக்குடையின் வேலைகளை மதிப்பிடப் போகிறார்களாம். அதற்கு முன், ஜூன் முடிவில், நிதியாண்டுக் கணக்கு மூடும்போது, தேவையற்ற பழைய ஆவணங்களை அழிக்கிறார்களாம். அந்த மட்டைப்பெட்டிகளும் அதற்குள் அடக்கம்.

நான் 2009இல் எழுதிய விதிகளைத் தேடி எடுத்தேன். முறைப்பாடு ஒன்று திறந்திருக்கும் வரை அந்த முகாமின் பெட்டியில் வந்த எதையும் அழிக்கக்கூடாது. முறைப்பாடு செய்தவர், எனக்குத் திருப்தி என்று கையெழுத்து வைத்தால் மட்டுமே அதை மூடலாம். அலுவலகங்கள் கோப்பை எப்படி மூடும் என்று எனக்குத் தெரியும், அதனால் பிடிவாதமாகச் சேர்த்தேன். அதைச் சேர்த்தபோது சந்தேகப் பிராணி என்று என்னைப் பகிடி பண்ணினார்கள்.

ஆக, அந்தப் பெட்டியில் போட்ட ஒரு ஆளின் முறைப்பாடு போதும். எல்லாக் கடிதமும் தப்பும். எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீ. எழுது என்று இந்த முறை சொல்லமாட்டேன். உன் பயம் எனக்குத் தெரியாத பயம். உனக்குத் தெரியவேண்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான்.

அண்ணா


பிளாக்டவுன்,
17 ஏப்ரல் 2013

அண்ணாவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை ஒளித்து வைத்திருந்தேன். நிவேதிகா எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டாள். "அந்த ஐயாவுக்கு நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்? அப்ப நீங்கள்தான் அம்மா கேக்கவேணும்" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. கடிதத்தைப் பறித்துத் திரும்ப ஒளித்து வைத்தேன். பிறகு இருவரும் உட்கார்ந்து எழுதினோம். நான் தமிழில் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை பிரவீணா வந்தபோது நீட்டினேன். வாசித்துவிட்டு, "அக்கா, இது எங்க ஆபீஸ் மேலயே புகாரா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "கொடுக்கலாம் அக்கா. அது உங்க உரிமை, விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, என்ன தீர்வு வேண்டும் என்று நான் சொன்ன இடத்துக்கு வந்தாள். எல்லாக் கடிதங்களும் அவற்றில் எழுதியிருக்கும் விலாசங்களுக்குப் போகவேண்டும் என்று கேட்டிருந்தேன். "உங்க கடிதம் மட்டும்னு எழுதினா சீக்கிரம் முடிஞ்சிடும்க்கா." "கெதியா முடியத் தேவையில்லை பிள்ளை" என்றேன். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். போகும்போது வாசலில் திரும்பி நின்று, "ஆமா, நான் இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்" என்றாள்.

அவள் போன பிறகு கதவைப் பூட்டித் திரைச்சீலைகளை இழுத்து மூடினேன். அவ்வளவு பயம். இப்போதும் பயம்தான். தொலைக்காட்சியில் படகுக்காரரைப் பற்றி ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுகிறேன். நீங்கள் இந்த நேரம் பக்கத்தில் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன், பெரிதாக எடுக்கவேண்டாம்.

ஜாக்கெட் அளவாக இருக்கிறது.

மலர்


கிரெய்கிபர்ன்,
20 மே 2013

மலர்,

நான் அதைப் பெரிதாகத்தான் எடுத்திருக்கிறேன்.

நீலக்குடையிலிருந்து எனக்குப் போன் வந்தது. அதே மரியாதையான பொடியன். உன்னுடைய மூன்று கடிதங்களையும் கண்டுபிடித்துவிட்டார்களாம். பிளாக்டவுனுக்கே கொண்டுவந்து கையில் தருவார்களாம். மன்னிப்புக் கடிதமும் உண்டு. நீ திருப்தி என்று ஒரு கையெழுத்து வைத்தால் போதும். மற்றக் கடிதங்களைப் பற்றி ஆராய்கிறார்களாம். "தங்கச்சியிடம் நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்" என்றான். சிரிப்பு வந்துவிட்டது. நீ எந்தக் காலத்தில் என் சொல்லைக் கேட்டாய்? கல்யாணத்தைக்கூட என்னைக் கேட்டுச் செய்யவில்லை. அதையே அவனிடம் சொன்னேன்.

ஆனால் உன்னிடம் மறைக்கக்கூடாது. எனக்கு அந்தக் கடிதங்கள் வேண்டும் மலர். நீ கெஞ்சினதையும் திட்டினதையும் நான் வாசிக்கவேண்டும். அது என்னுடைய பெயருக்கு வந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேறு நினைப்பு இல்லை. நீ கையெழுத்து வைத்தால் ஒரு கிழமையில் என் கையில் இருக்கும்.

வை என்றும் சொல்லவில்லை, வைக்காதே என்றும் சொல்லவில்லை. உன் முறைப்பாடு, உன் முடிவு.

அண்ணா


பிளாக்டவுன்,
8 ஜூலை 2013

அண்ணா,

ஜூன் கடைசிக் கிழமை வந்தார்கள். அந்தப் பொடியனும், இன்னொரு அம்மாவும், கூடப் பிரவீணாவும். என் குசினி மேசையில் மூன்று கடிதங்களையும் வைத்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. மீன் டின் வந்த பெட்டியின் மட்டையைக் கிழித்துக் கவர் செய்திருந்தேன், அது எனக்கு மறந்தே போயிருந்தது. மேலே உங்கள் பெயர், விலாசம். நிவேதிகா கிட்ட வந்து, நல்ல கண்ணைப் பக்கத்தில் வைத்து வாசித்தாள். "கிரெய்கிபர்ன்" என்று பாடமாக்கினதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அம்மா பேனையைத் திறந்து தந்தார். நான் மற்றவர்களுடையது எப்போது போகும் என்று கேட்டேன். ஆராய்கிறோம் என்றார். "ஆராயுங்கோ. நான் இஞ்சதான் இருக்கிறன்" என்று சொல்லி, கடிதங்களையும் பேனையையும் அவர் பக்கம் தள்ளினேன். பிரவீணா மொழிபெயர்க்கும்போது அவள் குரல் என்னுடையதைவிட உறுதியாக இருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஜூன் போய்விட்டது. மட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. விலாசங்களைப் பிரிக்கத் தமிழ் தெரிந்த ஒருவரை வேலைக்கு எடுத்திருக்கிறார்களாம். பிரியந்தினி புருஷனுக்கு எழுதினது கனடாவுக்குப் போய்விட்டது என்று பிரவீணா சொன்னாள். ஐயாவினது இன்னும் போகவில்லை. அது போகும்வரை, கடைசிக் கடிதம் போகும்வரை, நான் கையெழுத்து வைக்கமாட்டேன். விசா என்ன ஆகும் என்று தெரியாது. பயம் போகவில்லை, ஆனால் அதோடு சமைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அதனால் உங்களுக்கு எழுதின கடிதங்கள் உங்களுக்கு இப்போதைக்குக் கிடைக்காது. நீங்கள் எவ்வளவு ஆசையாகக் கேட்டீர்கள் என்று தெரிந்துதான் தள்ளினேன். என்னைக் கோபிக்கவேண்டாம். நான் அதைத் திரும்ப எழுதுகிறேன்.

அன்புள்ள அண்ணா, நிவேதிகாவின் கண் விஷயமாக எழுதுகிறேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள். முன்பு வைத்த செயற்கைக் கண் இப்போது பொருந்தவில்லை, நோகிறது. புதிதாகச் செய்யவேண்டும். சிட்னியிலும் செய்யலாம், எனக்குத் தெரியும். நான் மெல்பேணில் செய்வதற்கு நாள் எடுத்திருக்கிறேன். வெளியில் இருந்து ஒரு ஆள் வந்து பொறுப்பெடுக்க வேண்டும். இருபத்தாறாம் திகதி வெள்ளிக்கிழமை காலை எங்கள் பஸ் சதர்ன் குரொஸ் ஸ்டேஷனுக்கு வரும். வருவீர்களா? உடனே பதில் போடுங்கள்.

இதைப் பிளாக்டவுன் தபால் கந்தோர் வாசலில் இருக்கிற பெட்டியில் போடப் போகிறேன். இந்த நாட்டிலும் தபால் பெட்டி சிவப்பு. நேற்று ஒருமுறை கொண்டுபோய், வாய்க்குள் கையை விட்டுவிட்டு, போடாமல் திரும்பி வந்தேன். இன்றைக்கு நிவேதிகாவிடம் கொடுத்துப் போடச் சொல்வேன்.

மலர்


கிரெய்கிபர்ன்,
11 ஜூலை 2013

மலர்,

உன் கடிதம் கிடைத்தது.

இருபத்தாறாம் திகதி வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் நிற்பேன். பிள்ளையின் கண்ணுக்கு நான் பொறுப்பு.

அண்ணா